அசைவம் சாப்பிடும் இலைகள்: அடுக்களைக்குள் ஒரு எட்டு

மடலுக்கு மூன்றாக நிற்கின்றன அந்த முடிகள். உற்றுப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். ஓர் ஈ வந்து உட்காருகிறது. விளிம்பில் கசியும் தேனை நக்கிக்கொண்டே உள்ளே நகர்கிறது. ஒரு முடியில் கால் படுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு அடி வைக்கிறது. மறுபடியும் படுகிறது. அவ்வளவுதான்! பத்தில் ஒரு விநாடிக்குள் இரண்டு மடலும் பட்டென்று மூடிக்கொள்கின்றன.

வீனஸ் ஈப்பொறியின் இந்தக் காட்சியை நீங்களும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான காணொளிகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். எனக்கோ இதற்கு அப்புறம்தான் ஆவல் தலைக்கேறும். மூடிய இலைக்குள் என்ன நடக்கிறது? பல்லும் இல்லாமல், குடலும் இல்லாமல் ஓர் இலை எப்படி ஈயைத் தின்னும்? சரி, ஈ மட்டும் எப்படித் தின்னும்? அதற்கும்தான் பல் இல்லையே! வாருங்கள், பந்தியில் உட்காரும் முன்பு அடுக்களைக்குள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுவோம்.

முதல் ஆச்சரியம்: இந்தச் செடி எண்ணுகிறது. முடியில் ஒவ்வொரு முறை கால் படும்போதும் இலை முழுவதும் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. நம் நரம்பில் ஓடுவதும் இதே வகைத் துடிப்புதான். சார்லஸ் டார்வின் கேட்டுக்கொண்டதால் 1873இல் ஜான் பர்டன் சாண்டர்சன் என்ற உடலியல் வல்லுநர் இதை அளந்து காட்டினார். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரெய்னர் ஹெட்ரிக் குழுவினர் 2016இல் அந்தத் துடிப்புகளின் கணக்கையே வெளியிட்டார்கள். முதல் தொடுதலைச் செடி நினைவில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய 20 விநாடிக்குள் இரண்டாவது வந்தால் மூடுகிறது. அதற்குள் வராவிட்டால் பழைய கணக்கை மறந்துவிடுகிறது. மழைத்துளிக்கும் காற்றில் வந்து விழும் சருகுக்கும் வீணாக மூடிக்கொண்டிருக்க முடியுமா?

மூடிய பிறகும் எண்ணிக்கை நிற்பதில்லை. மாட்டிக்கொண்ட ஈ உதறுகிறது, முடிகளை இடிக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து... துடிப்புகள் கூடக் கூட இலைக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. ஐந்து தாண்டியதும் சுரப்பிகள் செரிமான நொதிகளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. எவ்வளவு உதறலோ அவ்வளவு நொதி. பெரிய இரை அதிகம் உதறும், அதற்குச் சாறும் அதிகம் வேண்டும். அளந்து ஊற்றுகிறது செடி! இரையே இல்லாமல் தவறிப்போய் மூடியிருந்தால், உள்ளே அசைவு இல்லை என்று கண்டு, ஒரு நாள் போல ஆனதும் மறுபடி திறந்துகொள்கிறது.

என்னை உட்கார விடாமல் செய்த செய்தி இனிமேல்தான். ஜாஸ்மோனிக் அமிலம் ஈப்பொறிக்கு மட்டும் சொந்தமானதல்ல. நம் வீட்டுத் தக்காளிச் செடியிலும் உண்டு. புழு இலையைக் கடித்ததும் செடி முழுக்க அபாயச் செய்தி அனுப்புவது அங்கே அதன் வேலை. பூச்சியின் ஓட்டையும் பூஞ்சையின் சுவரையும் கரைக்கும் கைட்டினேஸ் என்ற நொதியும் சாதாரணச் செடிகளிடம் தற்காப்புக்காகவே இருக்கிறது. தன்னைத் தின்ன வருகிறவனைத் தடுக்க வைத்திருந்த சரக்கையெல்லாம் எடுத்து, வந்தவனையே தின்ன வைத்துக்கொண்டது ஈப்பொறி. புதிதாக எதையும் வாங்கவில்லை, வீட்டிலிருந்த பொருளை வைத்தே புதுச் சமையல்!

இலையின் விளிம்பு இறுக மூடி நீர் புகாத பையாகிறது. உள்ளே அமிலமும் நொதியும் நிரம்புகின்றன. ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திறக்கும்போது மிச்சம் இருப்பது வெறும் கூடு. இறக்கை, கால், தோல் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே இருந்த சதை மட்டும் இருக்காது. காற்று அடித்தால் பறந்துபோகும்.

இத்தனை பேர் பெற்ற செடிக்குச் சொந்த ஊர் எவ்வளவு சின்னது தெரியுமா? அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரத்தில், வில்மிங்டன் நகரைச் சுற்றி சுமார் 120 கிலோமீட்டருக்குள் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. பைன் மரங்களுக்கு இடையே, அவ்வப்போது தீ பரவிப் புதர்களை அழித்துப்போகும் மணற்பாங்கான ஈரநிலம். வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1759இல் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதினார். நமக்குத் தெரிந்து முதல் எழுத்துக் குறிப்பு அதுதான்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். எதற்காக இத்தனை பாடு? பசிக்கா? இல்லை! ஈப்பொறியின் இலை பச்சை. வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் வைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். சோறு அதனிடம் இருக்கிறது. இல்லாதது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கூடவே மணிச்சத்தும். நம் விவசாயி நெல்லுக்கு யூரியா போடுவது எதற்காகவோ அதற்காகத்தான் ஈப்பொறி ஈயைப் பிடிக்கிறது. புரதம் இல்லாமல் எந்த உயிரும் வளராது, தழைச்சத்து இல்லாமல் புரதம் இல்லை. ஆனால் சதுப்புநிலத்திலும், மழை அடித்துக் கழுவிய பாறைமேட்டிலும் தழைச்சத்து கிடையாது. வேர் எவ்வளவு துழாவினாலும் வெறுங்கைதான். அங்கே தழைச்சத்து பறந்து திரிகிறது, பூச்சியின் உடம்பில். அதைப் பிடிக்க இலையை அனுப்புகிறது செடி.

பொறியாக மாறிய இலை வெயில் வாங்குவதில் மட்டம். ஆகவே தேவையில்லாமல் எந்தச் செடியும் பொறி வைக்காது. வட அமெரிக்கச் சதுப்புகளில் வளரும் சாரசீனியா என்ற குடுவைச் செடிக்குத் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடுவைகள் சுருங்கி, தட்டை இலைகளாக வரத் தொடங்கிவிட்டன! உரம் கிடைத்தால் வேட்டையை விட்டுவிடும். எனக்கு இந்த ஒரு செய்தி போதும், இந்தச் செடிகளைக் கொலைகாரச் செடி என்று எழுதுகிறவர்களோடு சண்டை போட.

தழைச்சத்து என்ற சூட்சுமத்தை முதலில் பிடித்தவர் டார்வின். 1860ஆம் ஆண்டுக் கோடைக்காலம். 'உயிரினங்களின் தோற்றம்' வெளியாகி ஓராண்டுகூட ஆகவில்லை, ஊரே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அவரோ இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் புதர்வெளியில் ட்ரோசிரா என்ற சின்னஞ்சிறு செடியில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு, அதிலேயே கிறங்கிப்போனார். உலகத்து உயிரினங்கள் தோன்றிய கதையைவிட ட்ரோசிராதான் இப்போது தனக்கு முக்கியம் என்ற பொருளில் நண்பர் லயலுக்குக் கடிதமே எழுதினார். பதினைந்து ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1875இல் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' நூல் வந்தது.

அவர் செய்தது என்ன? சமைத்துப் போட்டார்! இலையின் மேல் பால், முட்டையின் வெள்ளைக் கரு, இறைச்சிச் சாறு, எச்சில், சிறுநீர் எல்லாம் சொட்டுச் சொட்டாக வைத்தார். இலையின் கொம்புகள் வளைந்து அவற்றைத் தழுவிக்கொண்டன. பிறகு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, ஆலிவ் எண்ணெய், தேநீர் வைத்தார். இலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வளைய வைத்த பண்டங்களில் எல்லாம் தழைச்சத்து இருந்தது, மற்றவற்றில் இல்லை. ஒரு மனிதத் தலைமுடியைக் கத்தரித்து, 0.0008 மில்லிகிராம் அளவே எடை உள்ள துணுக்கை ஒரு கொம்பின் மேல் வைத்தபோதும் அது வளைந்தது. நம் நாக்கில் அந்தத் துணுக்கை வைத்தால் நமக்குத் தெரியவே தெரியாது. கொட்டும் மழைக்கு அசையாத கொம்பு அது!

இந்த ட்ரோசிரா எங்கோ சசெக்ஸில் மட்டும் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்வது இந்த இனத்துச் செடியைத்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள புல்வெளிகளில் ஒரு வகை மெல்லிய தண்டோடு நிமிர்ந்து நிற்கிறது. சமவெளியின் ஈர மணலிலும் செம்பாறைத் தரையிலும் வேறொரு வகை நாணய அளவில் வட்டமாகத் தரையோடு படிந்து கிடக்கிறது. அதைப் பார்க்க முழங்கால் போட வேண்டும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் உங்கள் யோகம்.

கண்ணாடியை நெருக்கிப் பிடியுங்கள். ஒவ்வோர் இலையிலும் சிவந்த கொம்புகள். ஒவ்வொரு கொம்பின் தலையிலும் தெளிந்த ஒரு சொட்டு. வெயில் ஏறினாலும் இந்தச் சொட்டு உலராது. புல் நுனியால் லேசாகத் தொட்டு இழுத்தால் மெல்லிய நூலாக நீள்கிறது. பாகு கம்பிப் பதத்துக்கு வந்துவிட்டது! ஒரு கொசுகு வந்து உட்காருகிறது. ஒரு காலை எடுக்கப் பார்க்கிறது, பக்கத்துச் சொட்டில் இன்னொரு கால் ஒட்டுகிறது. இறக்கை படுகிறது, இறக்கையும் போச்சு. விளிம்பில் இருக்கும் நீண்ட கொம்புகள் சில விநாடிகளில் வளைந்து வந்து அதை நடுவுக்குத் தள்ளுகின்றன. பூச்சிக்கு மூக்கு இல்லை, உடம்பின் பக்கவாட்டிலுள்ள துளைகள் வழியே மூச்சு விடுகிறது. அந்தத் துளைகளைப் பசை அடைத்துவிடுகிறது. கதை முடிந்தது, சமையல் ஆரம்பம்.

குடுவைச் செடிகளின் அடுக்களை இன்னும் அட்டகாசம். இந்தியாவுக்கென்று இயற்கையாக இருப்பது ஒரே ஓர் இனம், மேகாலயத்தின் காசி, காரோ, ஜெயின்டியா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா. பாக்மாராவில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டுப் பகுதிகளில் நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா இருக்கிறது, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. இலை நுனி நீண்டு, தொங்கி, அதன் முனை ஒரு மூடியுள்ள குடுவையாகிறது. குடுவையின் வாயைச் சுற்றி வரிவரியாகப் பளபளக்கும் ஒரு விளிம்பு. அதில் தேன். கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 2013இல் இந்த விளிம்பின் மேல் புற ஊதா ஒளியை அடித்துப் பார்த்தார்கள். நீல நிறத்தில் மின்னியது!

அந்த விளிம்பின் தந்திரம் ஈரத்தில் இருக்கிறது. மழையோ பனியோ பட்டதும் அதன் வரிகளில் நீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது. எறும்பின் காலுக்குப் பிடிமானம் போய் நேரே உள்ளே வழுக்குகிறது. சரி, உச்சி வெயிலில் விளிம்பு காய்ந்துவிடுமே, அப்போது பொறி வேலை செய்யாதே என்று நானும் நினைத்தேன். அதைக் குறை என்று எண்ணக் கூடாதாம், அதுதான் உத்தியே! காய்ந்த நேரத்தில் முதலில் வரும் எறும்பு பத்திரமாகத் தேன் குடித்துவிட்டுக் கூட்டுக்குப் போகிறது. நல்ல இடம் இருக்கிறது என்று சொல்லிப் படையையே கூட்டிவருகிறது. அதற்குள் விளிம்பு ஈரமாகியிருந்தால் மொத்தப் படையும் உள்ளே. போர்னியோவின் நெப்பந்தஸ் ராஃப்ளீசியானாவில் இதை 2015இல் நிறுவிக் காட்டினார்கள். ஒன்றை விட்டுப் பத்தைப் பிடிக்கும் வித்தை!

போர்னியோவின் இன்னொரு குடுவைச் செடியில் எறும்புகளே வேலைக்கு இருக்கின்றன. நெப்பந்தஸ் பைகால்கராட்டா என்ற செடியின் பொள்ளலான காம்புக்குள் ஒரு வகைக் கட்டெறும்பு குடியிருக்கிறது. குடுவை நீரில் அது குதிக்கிறது, நீந்துகிறது, பெரிய இரையை மேலே இழுத்துவந்து தின்கிறது. விளிம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. சிந்துவதும் சிதறுவதும் கழிவும் குடுவைக்குள் விழுந்து செடிக்குப் போகின்றன. நெப்பந்தஸ் லோவியியோ பூச்சியை ஏறக்குறைய மறந்தே போய்விட்டது. மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கு வந்து குடுவையின் மேல் குந்துகிறது. குந்தினால் எச்சம் நேரே குடுவைக்குள். அந்தச் செடியின் இலையில் உள்ள தழைச்சத்தில் 57 முதல் 100 விழுக்காடு வரை இந்த வழியில் வருகிறது என்று 2009இல் கண்டறிந்தார்கள். வேறொரு குடுவையில் வௌவால் பகலில் தூங்குகிறது, வாடகை அதே முறையில்தான்.

ஆனால் இந்த வீட்டிலேயே நான் மயங்கி நின்ற மூலை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ரோரிடூலா என்று ஒரு புதர். இலை முழுக்கப் பிசின். பெரிய ஈ, குளவிகூடத் தப்ப முடியாது. பூச்சிகள் ஒட்டி ஒட்டிச் சாகின்றன. ஆனால் செடியிடம் செரிமான நொதி கிடையாது! பிடிக்கத் தெரிகிறது, தின்னத் தெரியவில்லை. பிறகு எதற்குப் பிடிக்கிறது? விடை அந்த இலைமேலேயே நடந்து திரிகிறது. பாமெரிடியா என்ற நாவாய்ப்பூச்சி. எல்லாரும் ஒட்டிக்கொள்ளும் பிசினில் அது மட்டும் ஒட்டுவதில்லை. அதன் உடம்பின் மேல் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது, பிசின் பட்டாலும் அதோடு உரிந்துவந்துவிடும். அது ஓடிவந்து சிக்கிய பூச்சியைத் தின்கிறது. தின்றுவிட்டு இலைமேலேயே எச்சம் இடுகிறது. அதை இலை உறிஞ்சிக்கொள்கிறது. செடிக்கு வயிறே இன்னொரு பூச்சிதான்!

இந்த நாவாய்ப்பூச்சி தின்னும் விதத்தைப் பாருங்கள். அதன் வாய் ஒரு நீண்ட ஊசி. ஊசிக்குள் இரண்டு குழல்கள். ஒன்றின் வழியே நொதி கலந்த எச்சிலை இரையின் உள்ளே இறக்குகிறது. உள்ளே எல்லாம் கரைந்து சாறாகிறது. மற்றக் குழலின் வழியே சாற்றை உறிஞ்சுகிறது. வெளியே மிஞ்சுவது வெறும் கூடு. ஈப்பொறி திறந்தபோது பார்த்தோமே, அதே கூடு! வெளியிலேயே சமைத்து, சாறாக்கி, உறிஞ்சுவது. இலையும் பூச்சியும் ஒரே சமையல் குறிப்பைத்தான் வைத்திருக்கின்றன.

நம் நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக் கொழுந்தைக் குத்திக் கருக வைக்கும் தேயிலைக் கொசு கொசுவே அல்ல, பாமெரிடியாவின் குடும்பத்தைச் சேர்ந்த நாவாய்ப்பூச்சி. பால் பிடிக்கும் நெல்மணியை உறிஞ்சிப் பதராக்கும் கதிர் நாவாய்ப்பூச்சியிடமும் ஊசி வாய்தான். கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அதேதான். ஒருவன் இலைச்சாறு, ஒருவன் நெற்பால், ஒருவன் நம் ரத்தம். கருவி ஒன்றே.

வீட்டு ஈயையும் விட்டுவிடாதீர்கள். அது காலால் ருசி பார்க்கிறது! உட்கார்ந்ததுமே கால் சொல்லிவிடும், இனிப்பா இல்லையா என்று. கெட்டியான எதையும் அதனால் தின்ன முடியாது. சர்க்கரைக் கட்டியின் மேல் எச்சிலை விட்டு, கரைத்து, வாயின் பஞ்சுப் பகுதியால் ஒற்றி எடுக்கிறது. மணலில் கூம்புக் குழி பறித்துக் காத்திருக்கும் குழிநரி, சறுக்கி விழும் எறும்பை இரண்டு வளைந்த தாடைகளால் கவ்வி, அவற்றின் வழியே நொதியை ஏற்றிச் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கூட்டைக் குழிக்கு வெளியே சுண்டி எறிகிறது. சறுக்கும் குழி, கரைக்கும் நொதி! மேகாலயத்துக் குடுவைக்கும் நம் வீட்டுத் திண்ணையோரத்து மணற்குழிக்கும் ஒரே திட்டம்.

தழைச்சத்துப் பசியும் பூச்சிகளை விட்டுவைக்கவில்லை. பெண் கொசுவுக்கு வாயில் ஆறு ஊசிகள். அறுக்க இரண்டு, விலக்கிப் பிடிக்க இரண்டு, எச்சில் இறக்க ஒன்று, ரத்தம் உறிஞ்ச ஒன்று. ஆனால் அது பறப்பதற்கு வேண்டிய சக்தி ரத்தத்திலிருந்து வருவதில்லை. ஆண், பெண் இரண்டுமே அதற்குப் பூந்தேன் குடிக்கின்றன. முட்டை வளரப் புரதம் வேண்டும், அதற்குத்தான் ரத்தம். சக்திக்குச் சர்க்கரை, வளர்ச்சிக்கு அடுத்தவர் உடம்பு. ஈப்பொறியின் கணக்கும் அச்சு அசல் இதுதான்!

அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினியைப் பாருங்கள். செடியின் சாற்றுக் குழாயில் ஊசியைச் செருகிக்கொண்டு குடிக்கிறது, குடிக்கிறது, குடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்தோ துளி. துளியைச் சேர்க்கக் குடம் குடமாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரை பின்பக்கமாக இனிப்புத் துளியாக வெளியேறுகிறது. எறும்பு வரிசைகட்டி வருவது அதற்காக. இலைமேல் கறுப்பாகப் பூஞ்சணம் படிவதும் அந்த இனிப்பின் மேல்தான். சாற்றில் கிடைக்காத சில அமினோ அமிலங்களைச் செய்து தர அசுவினியின் உடம்புக்குள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. ஆற்றோர ஈரமணலில் கூட்டமாக உட்காரும் ஆண் வண்ணத்துப்பூச்சிகளும் சும்மா உட்காரவில்லை. தேனில் கிடைக்காத உப்பைச் சேற்றிலிருந்து உறிஞ்சுகின்றன. பல இனங்களில் அந்த உப்பு இணைசேரும்போது பெண்ணுக்குப் போகிறது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பூச்சியைத் தின்னும் செடியும் பூக்க வேண்டுமே, மகரந்தம் சுமக்கப் பூச்சி வேண்டுமே! விருந்தாளியையே தின்றுவிட்டால்? ஈப்பொறி தன் பூவைப் பொறிகளுக்கு மேலே, உயர்ந்த தண்டின் நுனியில் ஏற்றி வைக்கிறது. பறந்து வரும் சிறு தேனீக்களும் வண்டுகளும் மேலே வந்துபோகின்றன. கீழே ஊர்ந்து வரும் எறும்பும் சிலந்தியும் பொறியில் விழுகின்றன. 2018இல் ஆராய்ந்தபோது, முக்கியமான மகரந்தச் சேர்க்கையாளர்கள் பொறிகளில் அகப்படவே இல்லை. இதற்கு நேர்மாறாக, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் டிரையன்தா என்ற வெண்பூச் செடி பூத்தண்டிலேயே பசை வைத்திருக்கிறது. சின்னஞ்சிறு பூச்சிகளைப் பிடிக்கும் அளவுக்குத்தான் பசை, தேனீயைப் பிடிக்காது. எத்தனையோ பேர் கடந்துபோன பாதையோரச் செடி, அது பூச்சி தின்கிறது என்பது 2021இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கடைசியாக, வேகத்தில் எல்லாரையும் தோற்கடிக்கிற ஆளைப் பார்த்துவிடுவோம். அது பெரும்பாலும் நம் காலடியில்தான் இருக்கிறது. யுட்ரிகுலேரியா. கேரளத்தில் கண்ணூர் மாடாயிப்பாறையில் மழைக்காலத்தில் தரையே நீலமாகும், ஓணத்துக்குப் பூக்களமிட அந்தக் காக்காப்பூவைப் பறிப்பார்கள். அது பூச்சியுண்ணி! மகாராஷ்டிரத்தின் காஸ் பீடபூமியில் அதன் உறவுகள். நம் வயல்களிலும் குளங்களிலும் மஞ்சள் பூவை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு மிதப்பதும் இதே இனம்தான்.

வேர் கிடையாது. நீருக்குள் இருக்கும் நூல் இலைகளில் குண்டூசித் தலை அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் பைகள். செடி பைக்குள்ளிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பையின் பக்கங்கள் உள்வாங்கி இறுகி நிற்கின்றன. வாயில் ஒரு கதவு, கதவில் முடிகள். நீர்ப்பூச்சி ஒன்று முடியை உரசியதும் கதவு உள்பக்கமாக மடங்குகிறது, தண்ணீரோடு பூச்சியும் உள்ளே பாய்கிறது. கதவு திறக்க ஆகும் நேரம் சுமார் அரை மில்லி விநாடி. உள்ளே இழுக்கப்படும் உயிர் புவியீர்ப்பைப் போல 600 மடங்கு முடுக்கத்தை உணர்கிறது என்று 2011இல் அளந்தார்கள். நாம் ஒரு முறை கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. 1870களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி நுண்ணோக்கி வழியே இந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயிரோடு இரை உள்ளே போவதைக் கண்டு டார்வினுக்கு எழுதினார், டார்வினும் தன் நூலில் அவர் பெயரைச் சொல்லி நன்றியோடு குறிப்பிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நர்சரியில் ஓர் ஈப்பொறி வாங்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வாங்குங்கள். ஆனால் திசு வளர்ப்பிலோ விதையிலோ வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். காட்டில் அதைத் திருட்டுத்தனமாகப் பிடுங்குவது வட கரோலினாவில் 2014 முதல் கடுங்குற்றம். மழைநீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது. உரம் போடவே போடாதீர்கள். விரலால் குத்தி மூடவைத்து விளையாடாதீர்கள், ஒவ்வொரு பொறியும் சில முறை மூடித் திறப்பதோடு ஓய்ந்துவிடும். இறைச்சித் துண்டு வைத்தால் இலை அழுகும்.

வாங்காவிட்டாலும் குறையில்லை. அடுத்த மழைக்காலத்தில் பாறைச்சுனை ஓரத்திலோ குளத்தின் ஈரக் கரையிலோ ஒரு பூதக்கண்ணாடியோடு குனிந்து பாருங்கள். சிவந்த கொம்பில் ஒரு சொட்டு மின்னினால் பக்கத்தில் கால் வைக்காமல் நின்று பாருங்கள். பறிக்க மட்டும் வேண்டாம்.